கிளிப்பு பிடித்த கேசட்

வீட்டில் எல்லோரும் அவளைக் கிளிப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று இருக்கிறது. அந்தப் பெயர் சான்றிதழோடு சேர்ந்து பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது, எடுப்பார் இல்லை. நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணை அண்ணன், தம்பி, அண்ணி, கடைக்கு வருகிறவர்கள் வரைக்கும் கிளிப்பு, கிளிப்பு என்றால் அவளுக்குக் கோபம் வராதா என்று கேட்பீர்கள். வரும், ஏன் வராது? ஆனால் அதை யாரிடம் போய்க் காட்டுவது? பெயர் வைத்தவன் அண்ணன், அதற்கு இடம் கொடுத்தவள் அவளேதான்.

அவளுக்குப் பதினோரு வயது நடக்கும்போது அப்பா ஒரு வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கீழே அவருடைய டிவி ரிப்பேர் கடை, மேலே வீடு. யாரோ ஆடிச் சலித்துப்போய், பழுதென்று கடையில் போட்டுவிட்டுத் திரும்பி வராத பெட்டி அது. வெள்ளையாகப் பிறந்து மஞ்சளாகிப் போயிருந்தது. மேலே ஒரு வாய். அதில் கேசட்டைச் செருகினால் டிவியில் படம் வரவேண்டும். வந்தால்தானே! கோடு கோடாக ஓடும், பச்சையாகச் சிமிட்டும், படம் வந்துவிட்டது என்று எல்லோரும் வாயைப் பிளக்கும்போது கறுத்துப்போகும்.

அதற்கு அந்தத் தெருப் பிள்ளைகள் செய்த வைத்தியங்கள் இருக்கிறதே, அப்பப்பா! அண்ணன் ஊதும் கட்சி. கேசட்டின் அடிவாயை உதட்டில் வைத்து, மவுத் ஆர்கன் வாசிக்கிறவனைப் போல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஊதுவான். மூன்று முறை. நடுவில் யாராவது பேசிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. தம்பி சட்டை ஓரத்தில் தேய்க்கும் கட்சி. மாடிவீட்டுப் பையன் பென்சில் ரப்பரால் அழிப்பான். எதிர்வீட்டுப் பையன் கேசட்டைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் படுக்க வைத்துவிட்டு வருவான். சூடு ஏறினதால்தான் வேலை செய்யவில்லையாம், பெரிய டாக்டர்! ஊதுகிற சங்கை ஊதிவைப்போம் என்று ஆளாளுக்கு ஊதினார்களே தவிர, ஊதினால் உள்ளே போவது எச்சில், எச்சில் பட்டால் செம்பு பச்சை பிடிக்கும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

அவள் எந்தக் கட்சியிலும் இல்லை, ஏனென்றால் அவளுக்கு அந்த அறையிலேயே வேலை இல்லை. அவள் வேலை அடுப்படியில், அம்மாவோடு. ஒருநாள் அண்ணன் தண்ணீர் கேட்டான் என்று டம்ளரோடு உள்ளே வந்தவள், டிவி பக்கமாகக் குனிந்தபோது கை கேசட்டில் இடித்துவிட்டது. விழாமல் பிடித்தாள். படம் பளிச்சென்று நின்றது.

"கைய எடுக்காத!" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

எடுத்தாள். போய்விட்டது. வைத்தாள். வந்துவிட்டது.

"அப்படியே நில்லு. அசையாத. மூச்சு விடாத," என்றான் அண்ணன்.

"மூச்சு விடாம எப்படிண்ணா?"

"சரி, மெதுவா விட்டுக்கோ."

அன்றைக்கு அவள் ஒன்றரை மணி நேரம் குனிந்தபடியே நின்றாள். மறுநாளிலிருந்து உட்கார வைத்தார்கள். கேசட்டின் மேல்முனையில் கட்டைவிரலை வைத்து, வலது பக்கமாக இம்மி சாய்த்து, அந்தச் சாய்மானம் குறையாமலும் கூடாமலும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். "துணி காயப்போட்டா கிளிப்பு மாட்டுற மாதிரி, இவதான் நம்ம கேசட்டுக்குக் கிளிப்பு," என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

இதில் ஒரு கொடுமை உண்டு. பெட்டியின் வயர் ஒரு முழம்தான். அதனால் பெட்டி டிவிக்கு நேர் கீழே இருக்கும், அதைப் பிடிக்கிறவள் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பிள்ளைகள் படத்தைப் பார்ப்பார்கள், அவள் பிள்ளைகளைப் பார்ப்பாள். அண்ணன் உதட்டைக் கடித்தால் பள்ளம் வருகிறது. தம்பி தலையைத் தூக்கினால் குதிக்கிறான். எல்லோர் முகமும் சிவப்பானால் நெருப்பு. சத்தத்தை வைத்தும் முகத்தை வைத்துமே ஆட்டம் மொத்தத்தையும் படித்து வைத்திருந்தாள். அவள் கையில் பித்தான் வைத்த ஆட்டக்கட்டையை ஒருநாளும் யாரும் கொடுத்ததில்லை. கொடுத்தால் கேசட்டை யார் பிடிப்பது? நியாயம்தானே!

விரல் மரத்துப் போகும். இரவு சாப்பிடும்போது சோற்றைப் பிசைய வராது. ஆனாலும் கூப்பிட்டால் ஓடினாள். "பிள்ளைங்க விளையாட்டு நின்னுபோகுது, அவளை அனுப்பும்மா" என்று அண்ணன் வந்து நின்றால், அம்மா தேய்க்க வேண்டிய பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு "போ" என்பாள். அந்த ஒரு "போ"வுக்காக விரல் என்ன, கையையே கொடுக்கலாம். அறையில் மின்விசிறி ஓடியது, சிரிப்பு இருந்தது, அவள் இல்லாமல் எதுவும் நடக்காது என்கிற பெருமையும் இருந்தது.

பன்னிரண்டாவது வயதில் நடந்ததுதான் முக்கியம். பரீட்சைக்கென்று பையன்கள் பள்ளிக்கூடத்தில். அம்மா தூக்கத்தில். அவளுக்கு விடுமுறை. தையல் மெஷின் திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். வாய்க்குள் இரண்டு வரிசையாகப் பின்கள், மொத்தம் அறுபது. சில நிமிர்ந்து நின்றன, சில அமுங்கிப் படுத்திருந்தன. இவ்வளவுதானா? அம்மாவின் ஊசியால் படுத்திருந்தவற்றை ஒவ்வொன்றாக நெம்பி நிமிர்த்தினாள். கேசட்டைச் செருகினாள். படம் வந்தது. கையை எடுத்தாள். படம் நின்றது!

முதல் முறையாக டிவிக்கு நேரே உட்கார்ந்து பார்த்தாள். நீல வானம், ஒரு மரம், அதன் கீழே ஒரு குட்டி மனிதன். யாராவது பித்தானை அமுக்கட்டும் என்று அவன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் அம்மாவை எழுப்பிச் சொல்ல வேண்டும் என்று எழுந்தவள், அடுப்படி வாசல்வரை போனாள். தொட்டியில் மதியப் பாத்திரங்கள் கிடந்தன. அங்கேயே நின்றுவிட்டாள்.

மாலையில் அண்ணன் வந்து கேசட்டைச் செருகுவான். படம் வரும். அவளை எதற்குக் கூப்பிடப் போகிறான்?

திரும்பி வந்தாள். ஊசியை எடுத்தாள். வலது ஓரத்துக் கடைசி இரண்டு பின்களைத் தானே மறுபடி அமுக்கி வளைத்தாள். கையால் சாய்த்துப் பிடித்தால் மட்டும் படம் வருகிற அளவுக்கு, கூடவுமில்லை குறையவுமில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த நான்கு வருஷம், பெட்டி பரணுக்குப் போகும்வரை, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அப்பா போனார், அம்மா போனாள். தம்பி படித்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனான். கடை அண்ணனுக்கு வந்தது. அண்ணனுக்கு நன்றாகப் பேச வரும், சால்டரிங் வராது. அவனுக்கு ஈயத்தைப் பிடித்தால் கை நடுங்கும். அவளுக்கோ, பிள்ளைப் பிராயத்தில் இம்மி பிசகாமல் விரலைப் பிடித்த பழக்கமோ என்னமோ, கல் மாதிரி நிற்கும். அதனால் முன்னால் கண்ணாடி மேஜையில் அண்ணன், பலகைத் தடுப்புக்குப் பின்னால் அவள். பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, ஒரு விளக்கு, புகையை உறிஞ்ச ஒரு சின்ன விசிறி. அதுவும் ஓடினால் ஓடும். வேலை வந்தால் அண்ணன் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவான். முடிந்தால் அவள் இரண்டு தட்டுத் தட்டுவாள். "நானே உக்காந்து பாத்தேன் சார், கஷ்டமான கேஸு," என்று முன்னால் அண்ணன் சொல்வது அவள் காதில் விழும்.

இருபது வருஷம். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் கடையில் வேலை அதிகமாக இருந்தது. "கிளிப்பு போயிட்டா எல்லாம் கழண்டு விழுந்துடும்," என்று அண்ணி சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பில் பாதி பயம்.

அண்ணனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "எனக்கும் அந்த வேலையக் கத்துக்குடேன்" என்று அவன் நாலைந்து முறை கேட்டிருக்கிறான். "உனக்கு வராதுண்ணா, கை நடுங்குது" என்று அவள்தான் மடக்கி அனுப்பினாள்.

போன மாதம் ஒரு மனிதர் வந்தார். மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவுக்குத் தலைவர். அவர்களுடைய போர்டு ஒன்று கைமாறிக் கைமாறி இந்தக் கடைக்கு வந்து சரியாகிப் போயிருந்தது. "இதை யார் செஞ்சது?" என்றார். "நாங்கதான் சார்," என்றான் அண்ணன். அவர் அண்ணனுடைய கைகளைப் பார்த்தார். பளபளவென்று இருந்தன. அந்த நேரம் பார்த்து அவள் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒரு செட்டைக் கொடுக்க வெளியே வந்தாள். அவர் அவள் விரல்களைப் பார்த்தார். நுனியெல்லாம் பொட்டுப் பொட்டாகச் சுட்ட தழும்பு.

அண்ணன் டீ சொல்லப் போன இடைவெளியில் சீட்டு ஒன்றை நீட்டினார். "எங்ககிட்ட ஒரு இடம் காலியா இருக்கும்மா. தனி மேஜை, நல்ல வெளிச்சம். தங்க அங்கயே அறை தருவோம். நீங்க சரி பண்ணின மெஷின்ல உங்க பேரே ஒட்டியிருக்கும். வர்ற சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள போன் பண்ணிச் சொல்லுங்க. இல்லன்னா அடுத்தவருக்குக் கொடுத்துடுவோம்."

சீட்டை அவள் மேஜை இழுப்பறையில் வைத்தாள். வைத்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று. அண்ணனிடம் சொல்ல வாயைத் திறப்பாள், "என்ன கிளிப்பு?" என்பான். அந்தப் பெயரைக் கேட்டதும் வாய் மூடிக்கொள்ளும். எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறவள் எப்படிக் கையை எடுப்பது? எடுத்தால் படம் போய்விடுமே!

சனிக்கிழமை வந்தது. கூடவே தம்பியும் வந்திருந்தான், பத்து வயது மகனோடும் எட்டு வயது மகளோடும் விடுமுறைக்கு. மதியம் அவன் பரணில் எதையோ தேடப்போய், மஞ்சள் பெட்டியோடு இறங்கினான். அவ்வளவுதான், நாற்பது தாண்டிய இரண்டு ஆண்கள் பிள்ளைகளாகிவிட்டார்கள். கீழே கடையிலிருந்து ஒரு பழைய டிவி வந்தது. அண்ணன் கேசட்டை எடுத்து ஊதினான், மூன்று முறை.

"பாத்துக்கோங்கடா, இதுதான் டெக்னிக்," என்றான் தன் மகனிடமும் தம்பி மகனிடமும்.

"எச்சில் தெறிக்குதுப்பா," என்றான் அண்ணன் மகன்.

கோடு கோடாக ஓடியது. தம்பி சட்டையில் தேய்த்தான். பச்சையாகச் சிமிட்டியது. அப்புறம் எதிர்பார்த்த சத்தம் வந்தது.

"கிளிப்பு எங்க? ஏ கிளிப்பு! இங்க வா!"

அவள் அடுப்படியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தாள். மணி நாலேகால். தைரியம் இப்போது வரும், இதோ வரும் என்று நின்றவள், கூப்பிட்டதும் வந்துவிட்டாள். கால் தானாக வந்தது, கை தானாகப் போயிற்று. கட்டைவிரல், வலது பக்கம் இம்மிச் சாய்மானம். படம் நின்றது. "சொன்னேன்ல!" என்று அண்ணன் தொடையைத் தட்டினான். பையன்கள் கத்தினார்கள்.

அவள் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே அவர்கள் முகங்கள், அதற்கு மேலே சுவரில் கடிகாரம்.

நாலு இருபத்தைந்து. "எனக்கு ஒரு போன் பேசணும்ண்ணா."

"பேசலாம், பேசலாம். இந்த ஆட்டம் முடியட்டும்."

நாலரை. "தம்பி, ஒரு நிமிஷம் நிறுத்துடா."

"ஐயோ அக்கா, இப்ப கைய எடுத்தா எல்லாம் மொதல்லருந்து! சத்தியமா அஞ்சே நிமிஷம்."

அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷமாயிற்று. பெரிய முள் ஒவ்வொரு கோடாக நகர்வது அவளுக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் அவளை யாரும் கட்டிப்போடவில்லை. எழுந்தால் முடிந்தது. ஆனால் எழ முடியவில்லை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தன்மேலேயே அவ்வளவு ஆத்திரம் வந்தது. கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்கக்கூட விரலை எடுக்கவில்லை, பாருங்கள்!

தம்பிதான் கவனித்தான். "அக்காவுக்குக் கை வலிக்குது போல, பாவம்," என்றவன் வாசல் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டான். "ஏய் குட்டி, இங்க வா. அத்தை பிடிச்சிருக்கிற மாதிரியே பிடி பாப்போம்."

அந்தப் பெண் மதியத்திலிருந்தே நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள். ஒருமுறை அவளும் ஆட்டக்கட்டையைக் கேட்டாள். அடுத்த ஆட்டம் உனக்கு என்றார்கள், அது நாலு ஆட்டத்துக்கு முன்னால். இப்போது கூப்பிட்டதும் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தாள். டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அத்தையின் விரலுக்குப் பக்கத்தில் தன் குட்டி விரலை வைத்தாள். அத்தை கையை எடுத்தாள். படம் போகவில்லை.

"சபாஷ்! இனிமே இவதான் குட்டிக் கிளிப்பு," என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குழந்தைதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது.

மணி நாலு நாற்பத்தாறு. அவள் விடுதலை. போனை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். பேச இன்னும் நேரம் இருந்தது. அங்கே நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். குழந்தை மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, தன் அண்ணனின் முகத்தைப் பார்த்து ஆட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தது.

விடுவிடுவென்று உள்ளே வந்தாள். கேசட்டைப் பிடுங்கினாள்.

"அக்கா!" "அத்தை!" "ஏய், பைத்தியமா உனக்கு?"

காதில் போட்டுக்கொள்ளவில்லை. திருப்புளியால் பெட்டியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, முப்பது வருஷத்து எச்சிலைத் துடைத்தாள். அலமாரியிலிருந்து ஊசியை எடுத்தாள். அறுபது பின்னில் அந்த இரண்டைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவாள். வலது ஓரம், கடைசி. ஒன்றை நெம்பினாள். இன்னொன்றை நெம்பினாள். கேசட்டைச் செருகினாள். கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள்.

நீல வானம், மரம், குட்டி மனிதன். அசையாமல் நின்றது.

தம்பியும் பையன்களும் உடனே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் டிவியைப் பார்க்கவில்லை. என்ன இருந்தாலும் தொழிலில் இருக்கிறவன். "அந்த ரெண்டு பின்னுதான்னு பாக்காமலே எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"நான்தான் வளைச்சேன்."

"எப்ப?"

"பன்னெண்டு வயசுல."

"ஏன்?"

"சரியாயிட்டா அப்புறம் நீங்க என்னைக் கூப்பிட மாட்டீங்களே."

 தம்பி தன் கையிலிருந்த ஆட்டக்கட்டையைப் பார்த்தான். குழந்தை எழுந்து நின்று அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்தது. அதன் முகம் சுருங்கிப் போயிருந்தது.

"அத்தை, இப்ப நான் எங்க உக்காரட்டும்?"

 முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அடுப்படி வாசலில் நின்று அவள் கேட்டுக்கொண்ட அதே கேள்வி. அன்றைக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் ஊசியை எடுத்தாள். இன்றைக்குத் தம்பி கையிலிருந்த ஆட்டக்கட்டையை வாங்கிக் குழந்தையின் கையில் திணித்தாள். இரண்டு பையன்களையும் ஆளுக்கொரு பக்கம் தள்ளினாள்.

"இங்க உக்காரு. நடுவுல. டிவியப் பாத்து."

மணி நாலு ஐம்பத்தாறு. அவள் எல்லோருக்கும் நடுவில் நின்றே எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் அவர் எடுத்து, "யாரும்மா பேசறது?" என்றார்.

நாக்கில் கிளிப்புதான் வந்தது. விழுங்கிவிட்டு, பீரோவுக்குள் இருந்த பெயரைச் சொன்னாள். பழக்கமில்லாததால் முதல் தடவை தடுக்கியது. இரண்டாவது தடவை முழுதாகச் சொன்னாள். அண்ணன் வேறு யாரோ வந்திருக்கிறார்களோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"திங்கட்கிழமை வந்துடறேன் சார்," என்று சொல்லிப் போனை வைத்தாள். கை லேசாக நடுங்கியது. அவளுக்கே ஆச்சரியம்.

அண்ணனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோபப்படத்தான் வாயைத் திறந்தான், ஆனால் குரல் அழுகிற குரலாக வந்தது. "அப்ப கடை என்னாகறது? பின்னறையில யாரு உக்காரறது?"

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வந்து என் பக்கத்துல உக்காரு. ஒரு நாள்ல எல்லாம் வந்துடாது. ஈயம் பிடிக்கிறத மட்டும் கத்துக்குடுத்துட்டுப் போறேன். மிச்சத்துக்கு வாரா வாரம் வரேன்."

"எனக்கு வராதுன்னு நீதானே சொன்ன? கை நடுங்குதுன்னு?"

"ஆரம்பத்துல எல்லாருக்கும் நடுங்கும்ண்ணா," என்றாள் அவள். "நான் பொய் சொன்னேன்."